கோட்டியும் ட்ராமாவும்

அண்மைக் காலத்தில் தமிழில் வரும் நூல் மதிப்புரைகளை வாசிக்கிற எவரும் ஒரு சொல்லில் கால் தடுக்காமல் அடுத்த பத்திக்குப் போக முடிவதில்லை. ட்ராமா. காதல் கைகூடாமற்போனதைச் சொல்லும் கவிதைத் தொகுப்பு ட்ராமாவின் பதிவு. தந்தையோடு பிணங்கிய மகனின் நாவல் தலைமுறை ட்ராமா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் திட்டியதை நினைவுகூரும் கட்டுரை பால்ய ட்ராமா. திரையரங்கிலிருந்து வெளியே வருகிறவர் 'இரண்டரை மணி நேர ட்ராமா' என்கிறார். படம் நன்றாக இல்லை என்று பொருள் கொள்ள வேண்டும். கூடவே அதன் பங்காளிகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மழை பெய்தால் டிப்ரஷன், மேசையைத் துடைத்து வைத்தால் ஓசிடி, காலையில் சிரித்தவர் மாலையில் முறைத்தால் பைபோலார், எதிர்க்கருத்துக் கேட்டு எரிச்சலடைந்தவர் 'ட்ரிக்கர் ஆகிவிட்டார்'.

சொல் மலிந்தால் மலிந்துவிட்டுப் போகட்டும், அதற்கொரு கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மொழித் தூய்மை பற்றிய கவலை எங்களுக்கு இல்லை. ஆங்கிலச் சொல் புகுந்துவிட்டதே என்ற அங்கலாய்ப்பும் இல்லை. எங்கள் வழக்கு வேறு. ஒரு குறிப்பிட்ட துன்பத்துக்கு மருத்துவம் மிகுந்த சிரமத்தோடு வைத்த பெயர், அத்துன்பத்தின் வாசனைகூட அறியாதவர்களின் பேச்சணியாக ஆகும்போது, அதை உடலில் சுமப்பவர்களுக்குத் தங்கள் நிலையைச் சொல்ல ஒரு சொல் குறைந்துபோகிறது. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எங்களுக்குக் காரணங்கள் இருக்கின்றன.

'ட்ராமா' கிரேக்கத்தில் காயத்தைக் குறிக்கும் சொல். உடற்காயத்துக்கே நெடுங்காலம் வழங்கிற்று. இன்றும் பெரிய ஆஸ்பத்திரிகளில் ட்ராமா வார்டு என்றால் விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கான பகுதிதான். மனத்துக்கும் அப்படியொரு காயம் உண்டு, அது ஆறாமல் நிற்கும்போது அதற்கென்று தனிக் குறிகள் உண்டு என்பதை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் ஏற்றுக்கொண்டது 1980இல். வியத்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களுக்காகப் பேசிய மருத்துவர்களும் பல ஆண்டுகள் வாதாடிய பிறகே பி.டி.எஸ்.டி. என்ற நான்கெழுத்து அப்பட்டியலில் இடம்பெற்றது. நடந்தது நினைவாக வராமல் மீண்டும் நடப்பதாகவே வந்து நிற்றல்; நடந்த இடத்தையும் அதை ஞாபகப்படுத்தும் ஓசையையும் மணத்தையும் விட்டு உடல் தானே விலகி ஓடுதல்; உறக்கம் பிடிக்காமை; கதவு சாத்தும் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுதல்; பெற்ற பிள்ளையிடத்தும் மரத்துப்போதல்; இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாடத்தை முடக்குதல். கணக்கு வாத்தியார் திட்டியது இதில் சேராது. (சில கணக்கு வாத்தியார்களின் பிரம்பு சேரக்கூடும். மறுக்கவில்லை.)

தமிழில் இன்னொரு விபரீதமும் நேர்கிறது. ட்ராமா, டிராமா இரண்டையும் நம் எழுத்து ஏறக்குறைய ஒன்றாக்கிவிடுகிறது; நாக்கு முழுவதுமே ஒன்றாக்கிவிடுகிறது. 'டிராமா போடாதே' என்பது வீட்டுக்கு வீடு புழங்கும் வசனம். அழுகிற பெண்ணிடம், சாப்பிட மறுக்கிற பிள்ளையிடம், புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மகளிடம் சொல்லப்படுவது. மேல்தட்டு இளைஞனின் கைப்பேசியில் அலங்காரமாகத் திரியும் சொல், கீழே இறங்கி வருவதற்குள் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. காயம் என்று சொல்ல வந்தவள் நாடகமாடுகிறாள் என்ற பெயரோடு திரும்பிப்போகிறாள்.

இனி இடத்துக்கு வருவோம். 1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவாக வந்தவர்களும், கூலி உயர்வு கோரியும் கைதாகிச் சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, மறு பக்கம் ஆறு. மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். அடி அங்கும் துரத்தியது. 17 பேர் இறந்தனர். அவர்களில் இருவர் பெண்கள். ஒன்று, இரண்டு வயது நிரம்பாத குழந்தை. நீதிபதி மோகன் கமிஷன் அமைக்கப்பட்டது, அறிக்கையும் வந்தது. ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஆண்டுதோறும் அதே நாளில் கட்சிக்காரர்கள் முறைவைத்து வந்து ஆற்றில் மலர் தூவிச் செல்கிறார்கள்.

பதினேழு என்ற எண் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு கரையேறியவர்களுக்கு எண் கிடையாது. அவர்கள் மலைக்குத் திரும்பினார்கள், மறுநாளோ மறுவாரமோ கொழுந்து பறிக்கப் போனார்கள் என்பதோடு ஊரின் ஞாபகம் நின்றுவிடுகிறது. ஆனால் ஆட்சியர் அலுவலகம் அதே இடத்தில்தான் இருக்கிறது. பட்டா வேண்டுமா, முதியோர் உதவித்தொகை வேண்டுமா, எதற்கும் அதே வாசல். திங்கள்கிழமை மனு நாளில் அந்த வாசலில் காக்கிச் சட்டையும் தடியும் நிற்கும், பின்னால் ஆறு ஓடும். 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கள்கிழமை, கந்துவட்டிக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சிறு பெண்குழந்தைகளோடும் அந்த வளாகத்தில்தான் தீக்குளித்து மாண்டார். பலமுறை மனு கொடுத்துப் பார்த்தவர். அதன் பிறகு நிர்வாகம் விழித்துக்கொண்டு, மனு கொடுக்க வருகிறவர்களின் பைகளில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதிக்க ஏற்பாடு செய்தது.

அந்த வாசலில் கால் வைக்க மறுக்கிற ஓர் உடலை எண்ணிப் பாருங்கள். பாலத்தில் பேருந்து ஏறும்போதே மூச்சு முட்டுகிறது. இறங்கிக் கூட்டத்துக்குள் நிற்க முடியவில்லை. திரும்பிப் போய்விடுகிறார். ஏன் வரவில்லை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல எந்தச் சொல்லும் கையில் இல்லை. அலுவலகத்துக்கு அவர் அக்கறையற்ற மனுதாரர். மருத்துவ நூலில் இது முதல் பக்கத்திலேயே விளக்கப்பட்டிருக்கும் நோய்க்குறி. சொந்தத் தெருவில் இதற்குப் பெயர், கோட்டி.

நெல்லைச் சீமைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கோட்டி என்றால் இங்கே பித்து. கோட்டிக்காரன், கோட்டிக்காரி, கோட்டிப்பயல். பழந்தமிழில் கோட்டி என்பது அவையைக் குறித்தது, வள்ளுவரும் அப்பொருளில் ஆண்டிருக்கிறார். எங்கள் ஊர் இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள் இரு பொருளும் ஒன்றே எனச் சாதிப்பார்கள். அது கிடக்கட்டும். இந்தச் சொல்லில் வாஞ்சையும் உண்டு. ஆச்சி பேரனைப் பார்த்து 'போ கோட்டி' என்றால் அது கொஞ்சல். ஆனால் ஊர் கூடி ஒரு பெண்ணைக் கோட்டிக்காரி என்று முடிவுகட்டிவிட்டால் அந்தச் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. அதன் பின்னர் அவள் பேசுவது எல்லாமே கோட்டியின் பேச்சு. தன்னை அடித்தவனை அவள் கைநீட்டிக் காட்டினாலும் காட்டுவது கோட்டியின் கை.

ஆக, இரண்டு சொற்கள். ஒன்று இறகுபோல் கனமற்றுப் போயிற்று. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் சூடிக்கொள்ளலாம். மற்றது அம்மிக்கல்; விழுந்தால் எழுந்திருக்க முடியாது. முதல் சொல் படித்தவனுக்கு, இரண்டாவது கூலிக்காரனுக்கும் அவன் மனைவிக்கும். ஒரே அவஸ்தை பெருமாள்புரத்தில் ட்ராமாவாகவும் மலையடிவாரக் காலனியில் கோட்டியாகவும் பெயர் பெறுகிறது. வன்முறையிலிருந்து தப்பி வந்தவர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். முதல் சொல்லைச் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அந்தச் சொல்லுக்கு இப்போது அவ்வளவுதான் மதிப்பு. இரண்டாவதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை, மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைப்பவர்கள் நீதிமன்றப் படியேறிப் பார்க்க வேண்டும். காயம்பட்ட மனம் நடந்ததை வரிசையாக வைத்திருப்பதில்லை. தடியின் நுனியில் இருந்த பித்தளைப் பூண் துல்லியமாக நினைவிருக்கும்; எத்தனை மணி, யார் முதலில் வந்தார், முதலில் எந்தக் கையில் அடி விழுந்தது என்பவை கலைந்து கிடக்கும். இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாக வரும். குறுக்கு விசாரணை செய்கிற வழக்கறிஞருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் குறடால் பிடுங்கப்பட்டதாக 2023 மார்ச்சில் வெளிவந்த புகாரை மறந்திருக்க மாட்டீர்கள். ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. குற்றம் மெய்யா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். எங்கள் கவனத்தில் நின்றது, அந்த நாட்களில் டீக்கடைகளில் நடந்த விசாரணை. புகார் சொன்னவர்களில் சிலர் பேச்சை மாற்றினார்கள், சிலர் பேச மறுத்தார்கள். உடனே 'எல்லாம் டிராமா' என்றார்கள். அதே வாரம் அதே கடையில் ஒரு திரைப்படத்தின் கிளைமாக்ஸ் ட்ராமா என்று சிலாகிக்கப்பட்டது. பேச்சு மாறுவதும் வாயடைத்துப்போவதும் பயத்தின் வேலையாக இருக்கக்கூடும் என்று யோசிக்க அங்கே ஒரு சொல் மிச்சமிருக்கவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் தெருவைவிட நாகரிகமாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவரின் சாதி, மதம், அரசியல், சமூக அந்தஸ்து முதலியவற்றை வைத்து அவருக்கு மனநோய் உண்டென்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. முன்பு ஒருமுறை சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றைக்கும் அவர் நோயாளி என்று சொல்லப் போதுமானதல்ல என்றும் சொல்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம். இதற்குப் பிறகும் அரசியல் மேடைகளில் எதிர்க்கட்சிக்காரரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பாத தலைவர் அபூர்வம்.

செய்தித்தாள்களுக்கு இன்னொரு சொல் இருக்கிறது: மன உளைச்சல். தற்கொலைச் செய்தி எதுவானாலும் இறந்தவர் 'மன உளைச்சலில் இருந்தார்'. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று பேசிய பேச்சு, சாதியின் பெயரால் விழுந்த அடி, கணவன் வீட்டார் செய்த சித்திரவதை எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் போய் அடங்கிவிடுகின்றன. செய்தவன் வாக்கியத்திலிருந்தே காணாமற்போகிறான். உளைச்சல் மட்டும் தானே முளைத்ததுபோல் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதே சொல்தான் நுகர்வோர் நீதிமன்றத்திலும் புழங்குகிறது. குளிர்சாதனப் பெட்டி பழுதானதால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் என்று தீர்ப்பாகிறது. குளிர்சாதனப் பெட்டி வாங்கியவரின் உரிமையை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வழக்கில் எதிர்மனுதாரர் பெயராவது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் அரசியல்வாதியிடமும் நிருபரிடமும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இலக்கிய உலகம் இதில் சாட்சியாக மட்டும் நிற்கவில்லை. பித்து நமக்கு நெடுங்காலப் பெருமை. ஈசனையே பித்தன் என்றழைத்த மரபு. நெல்லையில் வளர்ந்த விருத்தாசலம் எழுத்துக்காகச் சூடிக்கொண்ட பெயரிலும் பித்தன் உண்டு. அவற்றோடு நமக்குச் சண்டையில்லை. சிற்றிதழ் உலகம் பின்னர் செய்த காரியத்தோடுதான் சண்டை. ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். 1984இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் எழுதிய கவிதைகள் அவர் உழைப்பால் ஆனவை. நோயினால் ஆனவை என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! மனப்பிறழ்வை மேதைமையின் முத்திரையாக்கி, மாத்திரை சாப்பிடுகிறவனை இரண்டாந்தரக் கலைஞனாக்கியது எந்த மருத்துவரும் அல்ல, விமர்சகர்கள். அதே விமர்சகர் மறு இதழில் தம் எதிரியை வீழ்த்த எடுக்கும் கடைசி ஆயுதம் எது? 'மனநோயாளி'. புகழவும் அதுவே, இகழவும் அதுவே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் தீயில் மாண்டார்கள். அவர்களும் மனநோயாளிகள் என்றே அழைக்கப்பட்டார்கள். அந்தச் சொல்லைப் பின்னூட்டச் சண்டையில் வீசுகிறவர் எதைக் கையிலெடுக்கிறார் என்று ஒரு கணம் பார்க்க வேண்டாமா?

எதிர்வாதம் ஒன்று வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இச்சொற்கள் தெருவுக்கு வந்ததால்தானே வெட்கம் குறைந்திருக்கிறது? மனநல மருத்துவரிடம் போவதைக் கல்யாணம் முடியும்வரை மூடிமறைத்த வீடுகளில் இன்று கல்லூரிப் பெண் ஒருத்தி 'எனக்கு டிப்ரஷன், டாக்டரைப் பார்க்க வேண்டும்' என்று சொல்ல முடிகிறதே? உண்மை. அவள் தாராளமாகச் சொல்லட்டும். நோய் உள்ளவர் நோயின் பெயரைச் சொல்வதைப் பற்றி அல்ல எங்கள் முறையீடு. இல்லாதவர்கள் விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி, அவள் சொல்லும் நாளில் அந்தச் சொல்லை வெற்றுக் காசாக்கி வைத்திருப்பதைப் பற்றித்தான். 'எல்லாருக்கும் இருக்கிற டிப்ரஷன்தானே' என்று அப்பா சொல்லும் பதில் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் பிறந்தது. வெட்கம் போன இடத்தில் அலட்சியம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் அவளை வீட்டுக்குள்ளேயே இருத்துகின்றன.

இதே தமிழில், கடலுக்கு அந்தப் பக்கம், வேறொன்று நடந்தது. யாழ்ப்பாணத்தில் போர் உச்சத்தில் இருந்த காலத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார், 1993இல். குண்டுவீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே ஒரு பல்கலைக்கழகம் இப்படியொரு நூலைக் கொண்டுவந்தது. வடு என்ற சொல்லைக் கவனியுங்கள். காயம் என்றால் இன்றோ நாளையோ ஆறிவிடும் என்று கேட்பவர் இருந்துவிடலாம். வடு என்றவுடன் நடந்து முடிந்தது ஒன்று உண்டு, அதைச் செய்தவர் உண்டு, தோல் மூடிய பின்னும் தடவினால் கை உணரும் என்பதெல்லாம் சொல்லிலேயே இருக்கிறது. தேவை பெற்ற சொல் அது. ஈழ அகதிகளின் முகாம்கள் நெல்லை மாவட்டத்திலும் உண்டு. 2021இல் அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. முகாமின் பெயர் மாறியது நல்லது. அங்கே வாழ்கிறவர்களோடு வந்த 'மனவடு' என்ற சொல்லைத்தான் நாம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

மனவடுவைக்கூட அணியாக்கிவிடும் சாமர்த்தியம் நம் மதிப்புரையாளர்களுக்கு உண்டு என்பதை அறிவோம். சில இடங்களில் 'கூட்டு மனவடு' என்று தொடங்கியும் ஆயிற்று. ஆகவே சொல்லை மாற்றச் சொல்வதோடு விட முடியாது. வருத்தத்துக்கு வருத்தம் என்ற சொல் இருக்கிறது. சலிப்பு, கசப்பு, ஆற்றாமை, மனத்தாங்கல், ஏக்கம், அங்கலாய்ப்பு என்று இந்த மொழி சேர்த்து வைத்திருப்பவற்றை எடுத்தாளாமல், ஒரு எழுத்தாளர் மருந்துச் சீட்டிலிருந்து சொல் பொறுக்குவது சோம்பேறித்தனம். அதை நவீனம் என்று அழைப்பது அதைவிட மோசம். நாவலில் ஆற்றில் விழுந்த பாத்திரம் இருந்தால் அவளுக்கு ஆற்றில் என்ன நடந்தது, பிறகு தண்ணீர்க் குடத்தை அவள் எப்படித் தூக்கினாள் என்று மதிப்புரை எழுதலாம். 'ட்ராமாவைப் பேசும் பிரதி' என்று எழுதும்போது எழுதியவர் எதையும் வாசிக்கவில்லை என்றுதான் தெரிகிறது.

இந்த மண்ணின் கிழவிகளிடம் மூன்றாவது பேச்சு ஒன்று இருந்தது. பெயர் வைக்காமல் குறியை மட்டும் சொல்வது. 'பிள்ளை பயந்திருக்கா.' 'உறக்கம் கொள்ள மாட்டேங்கு.' 'நெஞ்சு படபடன்னு அடிக்கு.' திருநீறு பூசி, ஓதிக் கயிறு கட்டி, அதோடு நிறுத்திக்கொண்டது அதன் குறை. மருந்தும் மருத்துவரும் தேவைப்படும் இடத்தில் கயிறு போதாது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. பயந்திருக்கிறாள் என்றவுடன் அடுத்த கேள்வி தானாக வரும்: எதைக் கண்டு? ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர் இந்த மூன்று வாக்கியங்களையும் காதுகொடுத்துக் கேட்டால் பட்டியலில் பாதி நிரம்பிவிடும். ட்ராமா என்ற சொல்லை நோயாளியின் வாயிலிருந்து அவர் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோட்டி என்ற சொல்லைக் கூட வந்தவரின் வாயிலிருந்து ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை.

மாஞ்சோலைக்கு மீண்டும் வருகிறோம், ஏனென்றால் அது முடியவில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட தோட்டம் அது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024 ஜூனில் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்கு முடித்தது. விருப்பம் என்ற சொல்லையும் இந்தக் கட்டுரையின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டத்தை அரசே ஏற்று நடத்தக் கோரிய மனுக்களை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1999இல் ஊர்வலத்தில் நடந்த தலைமுறையும் அவர்களுடைய பிள்ளைகளும் நான்கு, ஐந்து தலைமுறைகளாக வாழ்ந்த லயன் வீடுகளைப் பிரிய வேண்டியவர்களானார்கள். தொழிலாளர்கள் மன உளைச்சல் என்று செய்தி வந்தது. மறுவாழ்வுக்கு வீடு வேண்டும், வேலை வேண்டும், பிள்ளைகளின் படிப்புக்கு வழி வேண்டும். அதற்கெல்லாம் மனு எழுதி எடுத்துக்கொண்டு மலையிறங்கி, மணிமுத்தாறும் கல்லிடைக்குறிச்சியும் தாண்டி அவர்கள் வந்து நிற்க வேண்டிய இடம் கொக்கிரகுளம்.